அரைப்பேர்

அன்று மழை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன்.
மழை இல்லை.
பொகவந்தலாவை மேல்டிவிசனுக்கு மேலே
ஐப்பசியில் அபூர்வமாய்
நட்சத்திரம் தெரிந்த ராத்திரி.

பட்டியல் எழுதுவது நான்தான்.
எண்பது பக்கக் கொப்பியில்
அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்து,
செபமாலை மாதம் முழுக்க
மாதா எந்த நாள் எந்தக் காம்பராவில் தங்குவாள்,
யார் வீட்டிலிருந்து யார் தூக்கிப்போவது என்று.
ஆறாம் நம்பர் சந்தியாகு.
எட்டாம் நம்பர் மடுத்தீன் குடும்பம்.
ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்
மூன்று வருசமாய் என் பேனா
கானைத் தாண்டுவது மாதிரித் தாண்டியிருக்கிறது,
சீலையை லேசாய்த் தூக்கிக்கொண்டு.

எழுதாதே என்று ஒருத்தரும் சொல்லவில்லை.
ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஏழாம் நம்பரில் அமலோற்பவமும் யோகராணியும்.
ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரை.
அட்டை கடித்தால் ஒருத்தி காலுக்கு
மற்றவள் சவர்க்காரம் தேய்ப்பாள்.
யோகராணியை ஆப்பரேசனுக்கு
டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று
துண்டில் 'உறவு' என்ற இடத்தில்
அமலோற்பவம் எழுதியது ஒற்றைச் சொல்:
வீட்டுக்காரி.
அந்தச் சொல்
அவர்களுக்கு முந்தியே பஸ் ஏறி
லயத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

பிறகு பூசையில் சமாதானம் சொல்லும்போது
அவர்கள் வாங்குப் பக்கம் கைகள் குறைந்தன.
பாட்டுக்குழுவில் யோகராணி நின்ற இடத்துக்கு
ஒரு ஸ்பீக்கர் பெட்டி வந்தது.

கொழுந்து நிறை குறைந்தால்
அரைப்பேர் போடுகிற கணக்கப்பிள்ளையை
மண் அள்ளித் தூற்றுகிற வாய்தான் எங்களுக்கு.
அவனாவது நிறுத்துப் பார்த்துக் குறைக்கிறான்.
நாங்கள் தராசையே தூக்கவில்லை.

அந்த ராத்திரி மாதா என் கையில்.
மூக்கு நுனி உடைந்து, நீலம் மங்கி,
கனமில்லை, உள்ளே வெறும் கோது.
பின்னால் மெழுகுதிரியோடு பதினைந்து பேர்.
ஏழாம் நம்பர் கதவு திறந்திருந்தது.
உள்ளே மேசை.
மேசையில் மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி,
ஹோர்லிக்ஸ் போத்தலில் செவ்வந்தி,
எரிகிற விளக்கு.
சந்தியாகுவின் பெண்சாதி காதோடு சொன்னாள்:
"வருசா வருசம் இந்த ராத்திரி வைப்பாங்க.
ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது.
கானைத் தாண்டுகிறவள்
கால் வைக்கிற இடத்தைத்தான் பார்ப்பாள்.

பின்னால் செபம் ஓடிக்கொண்டிருந்தது,
பாவிகளாகிய எங்களுக்காக, எங்களுக்காக.
அந்த 'எங்களுக்கு'ள் எத்தனை காம்பரா என்று
முதல் தடவையாய் எண்ணிப் பார்த்தேன்.
எண்ணிக்கொண்டே நுழைந்துவிட்டேன்.

ஆறு பேர் கூட வந்தார்கள்.
மடுத்தீன் அண்ணன் பாதையிலேயே நின்று
சத்தமாய் இருமினார்.
மிச்சப் பேர் இஸ்தோப்பில்,
உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல்,
செபத்தை மட்டும் விடாமல்.
யோகராணி பாட்டெடுத்தாள்.
மூன்று வருசம் பூட்டியிருந்த குரல்
முதல் வரியில் துருவேறிக் கிறீச்சிட்டது,
இரண்டாவதில் திறந்துகொண்டது.
இஸ்தோப்பிலிருந்து ஒரு குரல்
அடுத்த வரியை வாங்கிப் பாடியது.
யாரென்று நான் திரும்பவில்லை.
திரும்பினால் நின்றுவிடும் என்று பயம்.

பதினைந்து பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்கள்,
வெளியே நிற்பவர்களையும் எண்ணி.
நான் சொல்ல நினைத்தது
தொண்டையில் முள்ளாய் நிற்க,
அமலோற்பவம் கோப்பையை நீட்டினாள்.
"ஆறுது, குடி."

மாதா அங்கேயே தங்கினாள்.
மடுத்தீன் வீட்டு முறை ஒருநாள் தள்ளிப்போனது.
அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மறுநாள் கொப்பியைச் சுவாமியிடம் கொடுத்தேன்.
மழை என்று அவரிடமும் சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டி, வெகுநேரம் பார்த்தார்.
"கோடு கோணலா இருக்கே" என்றார்.
கையெழுத்துப் போட்டார்.

நேராய் எப்படி இருக்கும், சுவாமி?
ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்
இடமே விடாமல் எழுதின கொப்பி.
இடுக்கித்தான் எழுதவேண்டியிருந்தது
இரண்டு பேரையும்,
முழுப்பேராய்.